லெப்டொப்பில் இடம் பிரிக்கும் முன் ஒரு பிரதி எடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுபோனதைப் பற்றியும், பழைய கணினி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடாமல் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் போட்டுக்கொள்ளலாம் என்பதைப் பற்றியும் உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை, தேவையான நேரத்தில் வந்தது. ஆனால் ‘டிஸ்க்கில் லினக்ஸுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்’ என்று அது ஒரே வரியில் கடந்துபோன இடத்தில்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். அந்த ஒரு வரியை விரித்து எழுதத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். வெட்டாமல் பிரசுரித்தால் உதவியாக இருக்கும்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் கணினி வைத்திருக்கும் பிள்ளைகளில் புதுக் கணினி வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் தவணைக்கு எடுத்துக் கொடுத்தது, குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன அம்மா அனுப்பிய காசில் வாங்கியது, கம்பனிகள் கழித்துவிட்டதைத் திருத்தி விற்பவர்களிடம் எடுத்தது, இப்படித்தான். பெரும்பாலும் இன்டெலின் நான்காம், ஐந்தாம், ஆறாம் தலைமுறைச் சில்லுகள். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பும் எட்டாம் தலைமுறைச் சில்லும் இவற்றில் இல்லை. அதே நேரம் விண்டோஸை ஒரேயடியாக விட்டுவிடவும் முடியாது. பாடசாலையில் எம்.எஸ். ஒபிஸ் கேட்கிறார்கள், வீட்டில் இருக்கும் பழைய பிரின்டர் விண்டோஸில்தான் ஓடுகிறது. அதனால் இரண்டையும் ஒரே டிஸ்க்கில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பதுதான் இவர்களுக்குச் சரியான வழி. பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில் இன்டர்நெட் பார்ப்பதைக் குறைத்து, அந்த வேலையையும் பைதன் படிப்பதையும் லினக்ஸில் செய்யுங்கள் என்று நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன்.

அந்தக் கணினிக்குள் இருப்பது ஒரு பிள்ளையின் நோட்ஸ் மட்டும் என்று யாரும் நினைக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரே கணினி. அக்காவின் பல்கலைக்கழக விண்ணப்பம், அப்பாவின் ஈ.பி.எப். கடிதங்கள், பாட்டியின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை ஸ்கேன் பண்ணிய பிரதி, இறந்துபோன தாத்தாவின் ஒரே படம் எல்லாம் அதற்குள்தான். ஒரு பத்திரத்துக்காகக் கச்சேரிக்கும் தோட்டத்துரை அலுவலகத்துக்கும் எத்தனை முறை நடந்திருப்போம் என்று மலையகத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் மாணவன் ஒருவன் லினக்ஸுக்கு 25 ஜி.பி. கொடுத்திருந்தான். சில மாதங்களில் அது நிரம்பிவிட்டது. கூட்டித் தரச் சொல்லி டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனான். கடையில் ஏதோ செய்யப் போய் டிஸ்க் முழுவதையும் போர்மட் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள். டி டிரைவில் இருந்த இரண்டு வருட நோட்ஸும் அக்காவின் கல்யாணப் படங்களும் போய்விட்டன. ‘டிஸ்க் பழசு தம்பி, எங்கள் பிழை இல்லை’ என்றார்களாம். டிஸ்க் பழசாகவே இருக்கட்டும். கை வைக்கும் முன் ‘இதுக்கெல்லாம் வேற பிரதி இருக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே. கடையின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காத கடை அது ஒன்று மட்டுமல்ல என்பதுதான் என் கவலை.

முதலில், இடத்தைக் கூட்டுவது உண்மையிலேயே தேவையா என்று பார்க்க வேண்டும். லினக்ஸின் வகைகளில் உபுண்டு 25 ஜி.பி. கேட்கிறது, லினக்ஸ் மின்ட் குறைந்தது 20 ஜி.பி. என்கிறது. பிள்ளைகள் அந்தக் குறைந்த அளவையே கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அதே மின்ட் 100 ஜி.பி. இருந்தால் நல்லது என்றும் சொல்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை. நிரம்பிப்போன கணினிகளைத் திறந்து பார்த்தால் பல நேரம் காரணம் டைம்ஷிப்ட் என்ற மென்பொருள். பழைய நிலைக்குத் திரும்புவதற்காக அது எடுத்துவைக்கும் பிரதிகள் அதே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். அதில் பழையவற்றை அழித்து, பழைய கேர்னல்களையும் (லினக்ஸின் மைய நிரல்கள்) அப்டேட் கோப்புகளின் மிச்சத்தையும் நீக்கினாலே பல ஜி.பி. கிடைக்கும். எது இடத்தைத் தின்கிறது என்று படம் போட்டுக் காட்டும் டிஸ்க் யூசேஜ் அனலைசர் லினக்ஸிலேயே இருக்கிறது. படங்களையும் வீடியோப் பாடங்களையும் டி டிரைவிலேயே வைத்துக்கொண்டு லினக்ஸிலிருந்து திறந்து பார்க்கலாம். இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் மட்டும் டிஸ்க்கைத் தொடுங்கள்.

தொடுவதற்கு முன் பிரதி. டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன் டீச்சர், பயமில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள். சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பிரதி வேறு ஒரு பொருளில் இருக்க வேண்டும், அந்தப் பொருள் வேலை நடக்கும் நேரத்தில் கணினியில் செருகப்படாமலும் இருக்க வேண்டும். எக்ஸ்டேனல் டிஸ்க் வாங்க எல்லோராலும் முடியாது, அது எனக்குத் தெரியும். ஒரு லயத்தில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் பத்திரங்களையும் நோட்ஸையும் மட்டுமாவது ஒரு பென் டிரைவில் போடுங்கள். கூகுள் டிரைவில் 15 ஜி.பி. சும்மா கிடைக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்து சிக்னலில் அவ்வளவையும் ஏற்றுவதற்கு டேட்டாவும் போதாது, பொறுமையும் போதாது. பத்திரங்களுக்கு மட்டும் அதைப் பாவிக்கலாம். எதில் எடுத்தாலும் எடுத்து முடிந்ததும் வேறு ஒரு கணினியில் செருகி, ஒரு படம், ஒரு பி.டி.எப்., ஒரு வீடியோ என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் ‘பிரதி இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும்.

அதோடு டிஸ்க்கின் உடம்பையும் பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற சிறிய மென்பொருள் விண்டோஸில் இலவசமாக ஓடும். அது எச்சரிக்கை நிறம் காட்டினால், பழுதான செக்டர் இருக்கிறது என்று சொன்னால், அந்த டிஸ்க்கில் அளவு மாற்றும் வேலையே செய்யக் கூடாது. அதிலிருப்பதை அவசரமாக வெளியே எடுத்துவிட்டு, காசு சேர்ந்ததும் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுவதுதான் வழி.

அடுத்தது கரண்ட். கொழும்பில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களுக்கு இது அவ்வளவு பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். மார்ச், ஏப்ரலிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் எங்கள் பக்கம் மத்தியானம் தாண்டினால் இடி இடிக்கும். இடி இடித்தால் கரண்ட் போகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே, அது ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மழையும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. அதே வருடம் நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலின்போது மலையகத்தில் பல இடங்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. டிஸ்க்கின் அளவைக் குறைக்கும்போது, அந்தப் பகுதியின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் கோப்புகளைக் கணினி முன்பக்கத்துக்கு எடுத்துவைக்கிறது. எடுத்துவைத்துக்கொண்டு இருக்கும்போது கரண்ட் போனால், எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு பாதியில் நின்றுவிடும். நல்ல பட்டரி உள்ள லெப்டொப் என்றால் பயமில்லை, அது சமாளித்துவிடும். ஆனால் இரண்டாம் கையாக வாங்கியவற்றில் பட்டரி பத்து நிமிடம் நிற்பதே பெரிய விஷயம். சார்ஜரைக் கழற்றிவிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று முதல் நாளே பாருங்கள். நிற்காவிட்டால், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மின்சாரம் தரும் யு.பி.எஸ். உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்க் காலையிலேயே செய்யுங்கள். வானம் கறுத்தால் இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

சரி, இனி டிஸ்க்கைப் பார்ப்போம். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால், டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மன்ட் வரும். அதில் எதையும் அழுத்தாமல் முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போனில் எடுத்தாலும் போதும். எந்தப் பகுதி எத்தனை ஜி.பி., எது எதற்குப் பக்கத்தில் என்பது பிறகு குழம்பும்போது அந்தப் படம்தான் கைகொடுக்கும். சி, டி தவிர 100 எம்.பி. அளவில் ஈ.எப்.ஐ. என்று ஒன்று இருக்கும், சில நூறு எம்.பி. அளவில் ரிகவரி என்று இன்னொன்று இருக்கும். பெயரும் எழுத்தும் இல்லாமல் சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்து இவற்றை அழிப்பவர்கள் உண்டு. ஈ.எப்.ஐ. பகுதியில்தான் விண்டோஸையும் லினக்ஸையும் எழுப்பிவிடும் கோப்புகள் இருக்கின்றன. அதை அழித்தால் இரண்டும் எழும்பாது.

இன்னும் பழைய கணினிகளில், டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்க எம்.பி.ஆர். என்ற பழைய முறை இருக்கும். அதில் முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் முடியாது. புதிய முறையான ஜி.பி.டி.யில் 128 வரை வைக்கலாம். எம்.பி.ஆர். டிஸ்க்கில் ஏற்கெனவே நான்கு இருக்கும்போது ஐந்தாவதை உண்டாக்கப் போனால், டிஸ்க்கை ‘டைனமிக்’ ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றிவிட்டால் லினக்ஸுக்கு அந்த டிஸ்க்கில் இடம் கொடுக்கவே முடியாமல் போகும், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் லேசான வேலை இல்லை. மெனு எல்லாம் ஆங்கிலத்தில் வருவதால் பிள்ளைகள் பயத்தில் முதலில் தெரியும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். லினக்ஸ் போடும்போதும் இதே கதைதான். ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் போடு’ என்பதும் ‘டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடு’ என்பதும் ஒரே திரையில் மேலும் கீழுமாக நிற்கின்றன. அந்தத் திரையில் ஒரு வரி புரியாவிட்டாலும் நிறுத்திவிட்டு யாரிடமாவது கேளுங்கள்.

விண்டோஸின் பகுதியைக் குறைப்பதை விண்டோஸிடமே விட்டுவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். லினக்ஸ் கருவிகளாலும் முடியும். ஆனால் தன் கோப்புகளில் எதை நகர்த்தலாம், எதை நகர்த்தக் கூடாது என்பது விண்டோஸுக்குத்தான் நன்றாகத் தெரியும். தொடங்கும் முன், டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லொக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, வேலை முடியும் வரை பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். அந்தச் சாவி இல்லாமல் பூட்டு விழுந்தால் யாராலும் திறக்க முடியாது. அப்புறம் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விண்டோஸ் வசதி. விண்டோஸ் 8 காலத்தில் வந்தது. கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் கருவிகள் டிரைவைத் தொட மறுக்கும், வற்புறுத்தித் தொட்டால் கோப்புகள் கெடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸ் போய் அதை நிறுத்திவிடுங்கள். இரண்டு இயங்குதளமும் உள்ள கணினியில் அது எப்போதும் நிறுத்தியே இருப்பது நல்லது. பிறகு டிஸ்க்கில் பிழை தேடும் செக்டிஸ்க்கை ஓடவிட்டுப் பிழை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் மேனேஜ்மன்டில் ஷ்ரிங்க் (குறை) கொடுத்தால் எத்தனை எம்.பி. குறைக்க வேண்டும் என்று கேட்கும். 60 ஜி.பி. வேண்டுமென்றால் 61440 என்று போட வேண்டும். சி டிரைவில் 80 ஜி.பி. சும்மா இருக்கும், ஆனால் பத்து ஜி.பி.தான் தருவேன் என்று விண்டோஸ் சொல்லும். பிள்ளைகள் இந்த இடத்தில்தான் பொறுமையிழந்து, எங்கோ இருந்து கிராக் பண்ணிய மென்பொருளை இறக்கிப் போடுகிறார்கள். காரணம் சின்னதுதான். நினைவகத்துக்கு உதவும் பேஜ் பைல், தூக்க நிலைக்கான ஹைபர்னேஷன் கோப்பு, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரிஸ்டோர் பொயின்ட்கள் ஆகியவை டிஸ்க்கின் நடுவிலோ கடைசியிலோ உட்கார்ந்திருக்கும், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றை நகர்த்த முடியாது. அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, திரும்பக் குறைத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் பேஜ் பைலைத் திரும்பப் போட மறக்க வேண்டாம். டி டிரைவில் இந்தத் தொல்லை பொதுவாக இருக்காது. ஆகையால் டி இருக்கிறவர்கள் சி பக்கமே போகாமல் டியிலிருந்தே எடுங்கள். எதில் எடுத்தாலும் கடைசி ஜி.பி. வரை உறிஞ்சக் கூடாது. விண்டோஸுக்கும் மூச்சுவிட இருபது முப்பது ஜி.பி. வேண்டும்.

எடுத்த இடத்தை லினக்ஸுக்குக் கொடுப்பதுதான் கஷ்டமான பகுதி. மேலே சொன்ன மாணவனின் டிஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். 500 ஜி.பி. டிஸ்க், விண்டோஸ் கணக்கில் 465. முதலில் சி 140, அடுத்து டி 300, கடைசியில் லினக்ஸ் 25. டியைக் குறைத்தால் காலியிடம் டிக்குப் பின்னால், லினக்ஸுக்கு முன்னால் கிடைக்கும். ஒரு பகுதியைப் பெரிதாக்க அதை ஒட்டிய காலியிடம் வேண்டும், இங்கே ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் முன்பக்கம் ஒட்டி இருக்கிறது. அப்படியானால் லினக்ஸ் பகுதியின் தொடக்கத்தையே முன்னால் இழுக்க வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் தரவு எல்லாம் இடம் மாற வேண்டும். பழைய ஹாட் டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் ஓடும், அத்தனை நேரமும் கரண்ட் நிற்க வேண்டும். லினக்ஸ் அதற்குப் பிறகு எழும்பாமல் போகலாம் என்று, பகுதிகளின் அளவை மாற்றும் ஜிபார்ட்டட் என்ற லினக்ஸ் மென்பொருளே எச்சரிக்கிறது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு வழி. தொடக்கத்தை இழுக்காதீர்கள். அந்தக் காலியிடத்தில், லினக்ஸ் தன் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ட் 4 முறையில் புதிதாக ஒரு பகுதியை உண்டாக்கி, உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் போல்டரை அங்கே கொண்டுபோங்கள். 25 ஜி.பி. பகுதியில் லினக்ஸ் மட்டும் இருக்கும், நீங்கள் சேர்க்கும் எல்லாம் புதிய 60 ஜி.பி.யில் விழும். பழைய இடத்திலிருந்து ஒரு பைட்டும் நகரவில்லை என்பதால் நடுவில் கரண்ட் போனாலும் பழையது பழையபடி இருக்கும். அனுமதிகளும் உரிமையும் மாறாதபடி பிரதி எடுத்து, எந்தப் பகுதியை எங்கே திறப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எப்ஸ்டப் கோப்பில் புதிய பகுதியின் யூ.யூ.ஐ.டி. என்ற அடையாள எண்ணைச் சேர்த்து, ரீஸ்டார்ட் செய்து, கொஞ்ச நாள் பாவித்துப் பார்த்த பிறகுதான் பழைய ஹோமை அழிக்க வேண்டும்.

காலியிடம் லினக்ஸுக்குப் பின்னால் ஒட்டி இருந்தால் வேலை மிகவும் லேசு. எக்ஸ்ட் 4ஐ ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம். குறைப்பதென்றால் மட்டும் அது ஓடக் கூடாது, லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்து எழுப்பி ஜிபார்ட்டட்டில் செய்ய வேண்டும். ஜிபார்ட்டட்டில் பகுதியின் பக்கத்தில் சாவிப் படம் தெரிந்தால் அது பாவனையில் இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது சுவாப்பாக (நினைவகம் போதாதபோது லினக்ஸ் பாவிக்கும் இடம்) இருக்கும், வலது கிளிக் செய்து நிறுத்தினால் சாவி போய்விடும். கட்டளை அடித்துச் செய்யும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஒழுங்கு முக்கியம். லயத்துக் காம்பராவை (அறையை) நடுவில் பலகை வைத்து மறித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தைச் சின்னதாக்க வேண்டுமென்றால் முதலில் சாமான்களை ஒதுக்கிவிட்டுத்தான் பலகையைத் தள்ள வேண்டும். பெரிதாக்க வேண்டுமென்றால் முதலில் பலகையைத் தள்ளிவிட்டுச் சாமான்களைப் பரப்ப வேண்டும். பகுதிக்குள் கோப்புகளை அடுக்கியிருக்கும் கோப்பு முறைமைதான் சாமான்கள், பகுதியின் எல்லையான பார்ட்டிஷன்தான் பலகை. குறைக்கும்போது முதலில் கோப்பு முறைமை, பிறகு பார்ட்டிஷன். கூட்டும்போது அதற்கு நேர்மாறு. ஜிபார்ட்டட் இந்த ஒழுங்கைத் தானாகவே பார்த்துக்கொள்கிறது, அதனால்தான் அதைச் சிபாரிசு செய்கிறேன்.

வேலை முடிந்து ரீஸ்டார்ட் செய்யும்போது கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்கியூ’ என்று வந்தால் பதற வேண்டாம். எழுப்பிவிடும் நிரல் வழி தெரியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். தரவு அப்படியே இருக்கும். பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி பூட் ரிப்பெயர் என்ற மென்பொருளை ஓடவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். 2024 ஓகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் உலகம் முழுவதும் பல கணினிகளில் லினக்ஸை எழும்பவிடாமல் செய்தது. அப்போதும் தரவு எங்கும் போகவில்லை. ஆனால் கறுப்புத் திரையைக் கண்டதும் போர்மட் பண்ணச் சொல்லும் கடைக்காரரும் இருக்கிறார், சரி என்று தலையாட்டும் பெற்றோரும் இருக்கிறார்கள். ஒரு பகுதியே காணாமல் போனாலும் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல் நிறுத்தினால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் அதைத் தேடி எடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. எழுத எழுத அந்த வாய்ப்புக் குறையும்.

இன்னொரு சின்ன விஷயம், பல பிள்ளைகள் கேட்டது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் காட்டும். எதுவும் கெட்டுப்போகவில்லை. லினக்ஸ் கணினியின் கடிகாரத்தில் உலக நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இலங்கை நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸில் ஒருமுறை மாற்றிவிட்டால் போதும்.

கடை வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்கள் இல்லாவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி திருத்த வேறு ஆள் இல்லை. ஹட்டனுக்கோ கண்டிக்கோ போக பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போகும். கணினியைக் கையில் வாங்கும்போதே பிரதி இருக்கிறதா என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதுங்கள். இல்லை என்றால் எடுத்துக் கொடுத்து அதற்கு நியாயமான காசு கேளுங்கள், தருவார்கள். போர்மட் பண்ண வேண்டி வந்தால் பெற்றோருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பாடசாலைகளில் கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு யு.பி.எஸ்.ஸும் ஒரு 1 டி.பி. எக்ஸ்டேனல் டிஸ்க்கும் இருந்தால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் தங்கள் கணினிகளைக் கொண்டுவந்து பிரதி எடுத்து, நம் கண் முன்னாலேயே இடத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு போகலாம். பழைய மாணவர் சங்கங்கள் மனது வைத்தால் இது பெரிய செலவே இல்லை. இயங்குதளம் பற்றி உயர்தரப் பாடத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட அந்த ஒரு காலையில் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

உங்கள் பத்திரிகையிடம் கேட்பது ஒரு பக்கம். டிஸ்க் மேனேஜ்மன்ட் திரையையும் ஜிபார்ட்டட் திரையையும் லினக்ஸ் நிறுவும் திரையையும் பெரிய படமாகப் போட்டு, எந்தப் பொத்தானை அழுத்தலாம், எதைத் தொடக் கூடாது என்று பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். இன்டர்நெட் இல்லாத வீட்டிலும் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளலாம். கட்டுரையாளருக்கு நேரமில்லை என்றால் படங்களை நானே எடுத்து அனுப்புகிறேன். ஏப்ரல் விடுமுறைக்கு முன்னால் வந்தால் நல்லது. பிள்ளைகள் வீட்டில் இருந்து இந்த வேலைகளைத் தொடங்குவதும் பின்னேரம் இடி இடிப்பதும் அந்த மாதத்தில்தான்.

இப்படிக்கு,
தகவல் தொழில்நுட்ப ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.